சுவர் நகரக் கூடாது

“சுவரு நகருமா பாப்பா?”

“நகரக் கூடாது பாட்டி. நீங்க தள்ளணும், அது நிக்கணும். அவ்வளவுதான்.”

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். படித்தவர்கள் எல்லாம் சேர்ந்துகொண்டு தன்னைக் கேலி செய்கிறோமோ என்கிற சந்தேகம் அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு வலது முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்து, முஷ்டிக்கும் சுவருக்கும் நடுவில் மடித்த துண்டைக் கொடுத்து மெதுவாகத் தள்ளினாள். அந்தப் பெண் ஐந்து வரை எண்ணினார். விடச் சொன்னார். மறுபடி ஐந்து.

பத்து தடவை முடிந்ததும் அத்தை சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எங்க மாமனாரு கட்டின சுவரு. அம்புட்டு லேசுல அசையாது.”

2023 டிசம்பர். தோள்மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. தொட்டிலில் கிடந்த கை வெளியே வந்த முதல் நாள்.

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும்போது விராலிமலையைத் தாண்டிச் சில நிமிடங்களில் கொடும்பாளூர் வரும். முக்கால்வாசிப் பேர் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்துவிடுவார்கள். சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கு மதுரைக்கு வழி சொல்லும் பெரியவர், இந்த ஊருக்கு வந்ததும் பாதை மூன்றாகப் பிரியும் என்கிறார். இருக்குவேளிர் ஆண்ட ஊர். நெல் திருடிய அடியவரைத் தண்டிக்காமல், களஞ்சியத்தையே திறந்துவிட்ட இடங்கழி நாயனாரின் ஊர். என் அத்தை வாக்கப்பட்ட ஊரும்கூட.

மாமா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அத்தான் சென்னையில் ஃபிளாட் வாங்கிக் குடியிருக்கிறார். அத்தை மட்டும் இந்த வீட்டில், கிணறு, முருங்கை, இரண்டு ஆடுகளோடு இருக்கிறாள். 2023 ஐப்பசி மழையில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தபோது வயது எழுபத்தொன்று.

முதலில் நாட்டுக்கட்டு போட்டார்கள். எங்கே, யார் என்பதெல்லாம் வேண்டாம். பத்து நாளில் கை ஊதி, முழங்கை வரைக்கும் நீலம் பாரித்த பிறகு, அத்தான் காரை எடுத்துக்கொண்டு வந்து திருச்சிக்குக் கூட்டிப்போனார். எக்ஸ்ரேயில் மேல்கை எலும்பின் தலை நாலு துண்டாகக் கிடந்தது. இந்த வயதில், இந்த எலும்பில், தகடு வைத்து ஸ்குரூ போட்டால் பிடிக்காது, மூட்டையே மாற்றிவிடலாம் என்றார் டாக்டர். அதிலும் ‘ரிவர்ஸ்’ மாடல்.

ரிவர்ஸ் என்றால்?

பள்ளிக்கூடத்தில் எலுமிச்சைப் பந்தயம் ஓடியிருப்பீர்கள். வாயில் ஸ்பூன், அதில் எலுமிச்சம்பழம். நம் தோள்மூட்டு ஏறக்குறைய அதுதான். இடுப்பு மூட்டில் பந்து ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கும், ஆட்டுக்கல்லில் குழவி மாதிரி. தோளில் அப்படி இல்லை. பெரிய பந்து, ஆழமில்லாத சின்னக் குழி. அதனால்தான் கையை இத்தனை திசைகளில் சுழற்ற முடிகிறது. அதனால்தான் எளிதாக நழுவவும் செய்கிறது. பழம் விழாமல் நாலு பக்கமும் பிடித்துக்கொள்வது நாலு சின்னத் தசைகள். அந்த நாலும் பழுதாகிவிட்டால் புது மூட்டு வைத்தும் கை எழும்பாது.

பிரான்ஸில் தீஜோன் நகரத்தில் பால் கிராமோன் என்ற சர்ஜன் 1985-ல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஸ்பூனையும் பழத்தையும் இடம் மாற்றினார். பந்தைத் தோள்பட்டை எலும்பில் பொருத்தினார், குழியைக் கை எலும்பின் மேல் வைத்தார். இந்தத் தலைகீழ் ஏற்பாட்டில் மூட்டு சுழலும் மையம் உள்ளே தள்ளிப் போகிறது, கை கொஞ்சம் கீழே இறங்குகிறது. அதனால் டெல்டாய்டு என்ற வெளித்தசைக்குப் பிடிமானம் கூடுகிறது. கொரோனா ஊசி போட்டுக்கொண்டோமே, அந்த இடத்தில் இருக்கும் தசைதான். நாலு பேர் பார்த்த வேலையை இனி அந்த ஒருவர் பார்க்க வேண்டும்.

உலகத்தில் முதன்முதலாகச் செயற்கைத் தோள் வைத்துக்கொண்டவர் பாரிஸில் ஒரு ரொட்டி சுடும் தொழிலாளி. 1893. காசநோய் தோளைத் தின்றுவிட்டது, கையையே எடுத்துவிடலாம் என்றார் பெயான் என்ற சர்ஜன். அந்த மனுஷன் முடியாது என்றுவிட்டார். பிளாட்டினமும் ரப்பரும் வைத்து ஒரு மூட்டு செய்து பொருத்தினார்கள். இரண்டு வருஷத்தில் சீழ் வைத்து அதைக் கழற்ற வேண்டி வந்தது வேறு விஷயம். மாவு பிசைகிறவனுக்குக் கை என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அத்தைக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அத்தான் பக்குவமாகத்தான் சொன்னார். “அம்மா, சித்திரை வரைக்கும் பாப்போம். கை வந்துட்டா நீ இங்கயே இரு. வரலேன்னா வீட்டைப் பூட்டிட்டு என்னோட வந்துடணும். ஒத்தைக் கையோட உன்னைத் தனியா விட்டுட்டு நான் அங்க எப்படித் தூங்கறது?”

அதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் டீ வாங்கப் போன நேரத்தில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மூணாவது மாடியில உக்கார வெச்சு டி.வி.யப் போட்டுவிட்டுட்டு ஆபீசுக்குப் போயிருவான் மருமவனே. எனக்கு எப்படியாச்சும் கைய வரவெச்சுக் குடு.”

ஆறு வாரம் ஒன்றும் செய்யக் கூடாது என்பதுதான் அவளுக்கு முதல் தண்டனை. விரலை மடக்கலாம், மணிக்கட்டைச் சுழற்றலாம். நல்ல கையால் மேஜையைப் பிடித்துக் குனிந்து நின்று, ஆபரேஷன் கையைக் கோயில் மணியின் நாக்கு மாதிரித் தொங்கவிட்டு ஆட்டலாம். தொங்கும் கையின் கனமே மூட்டை இளக்கிக் கொடுக்கும். பாஸ்டனில் காட்மன் என்ற டாக்டர் தோளைப் பற்றி மட்டுமே 1934-ல் ஒரு புத்தகம் எழுதினார். இந்த ஊசல் பயிற்சிக்கு இன்றைக்கும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

செய்யக் கூடாதவற்றில் ஒன்று மட்டும் மிகக் கடினமாக இருந்தது. கையைப் பின்னால் கொண்டுபோகக் கூடாது. ரிவர்ஸ் மூட்டு நழுவுவது பெரும்பாலும் அந்த நிலையில்தான் என்று டாக்டர் நாலு தடவை சொன்னார். சட்டையைப் பின்பக்கம் செருகுவது, தரையில் கை ஊன்றி எழுந்திருப்பது, இதெல்லாம் ஆகாது. அத்தை சட்டை போடுவதில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை முந்தானையை இழுத்து இடுப்பில் பின்னால் செருகிக்கொள்கிறவள். அது யோசித்துச் செய்கிற காரியமா என்ன? பக்கத்து வீட்டுப் பெண் ஒரு யோசனை செய்து, முந்தானையை முன்பக்கமே ஊக்கு போட்டுக் குத்திவிட்டாள். கை அனிச்சையாகப் போகும், துணி வராது, அத்தைக்கு ஞாபகம் வந்துவிடும்.

தமிழ்நாட்டில் 2021-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது, பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் அதில் சேர்ந்திருந்தது. சுகாதார நிலையத்தில் சொல்லிவைத்ததில் இந்தப் பெண் வந்தார். பயிற்சியை ஆரம்பிக்கும் முன்பு நோட்டைத் திறந்து ஒரு கேள்வி கேட்டார்.

“கை எதுக்கெல்லாம் வேணும், சொல்லுங்க பாட்டி.”

அத்தைக்குக் கேள்வி புரியவில்லை. கை எதுக்குன்னு கேட்டா? பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். கிணத்துல தண்ணி சேந்தணும். மாடத்துல விளக்கு ஏத்தணும். அடுப்புக்கு மேல பலகையில இருக்கற டப்பாவ எடுக்கணும். தலை சீவி கொண்டை போடணும். முசுகுந்தேசுவரர் கோயில்ல தலைக்கு மேல கை தூக்கிக் கும்பிடணும்.

பிசியோ ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். விளக்குக்கு டிக். டப்பாவுக்கு டிக். கும்பிடுவதற்கு டிக். கொண்டைக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. தலைக்குப் பின்னால் கை போவதற்கு மூட்டைத் திருப்பும் தசை வேண்டும், அது அத்தைக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று போகப் போகத்தான் தெரியும். கிணற்றை மட்டும் முழுசாக அடித்துவிட்டார்.

“இப்பவா, எப்பவுமா?”

“எப்பவுமேதான் பாட்டி. வெடுக்னு இழுக்கற வேலை இந்த மூட்டுக்கு ஆகாது.”

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை.

அன்றைக்குத்தான் சுவரைத் தள்ளும் பயிற்சி. கேலிக்கூத்து மாதிரி தெரிந்தாலும் அதில் விஷயம் இருக்கிறது. மூட்டு அசையாமல் தசை மட்டும் இறுகுகிறது. ஆறு வாரம் சும்மா கிடந்த தசை சுருங்கியது பாதி. மூளையிலிருந்து வரும் உத்தரவை வாங்கிக்கொள்ளவே அது மறந்துபோனது மீதி. ஆரம்ப வாரங்களில் பலம் கூடுவதெல்லாம் தசை பெருத்து அல்ல, அந்த நரம்பு வழி மறுபடி திறந்துகொள்வதால்தான். ஆபரேஷன் செய்த டாக்டர் கதவுக்குப் புதுக் கீல் போட்டிருக்கிறார். தள்ளுவதற்கு ஆள் வேண்டுமே.

அடுத்து, படுத்துக்கொண்டு கை தூக்குவது. நிற்கும்போது கையைத் தூக்குவதைவிட மல்லாந்து படுத்துத் தூக்குவது சுலபம். தொண்ணூறு டிகிரி தாண்டிவிட்டால் கையின் கனமே மேலே இழுத்துக்கொள்ளும். அது பழகியதும் முதுகுக்கு ஒரு தலையணை. பிறகு இரண்டு. கடைசியில் உட்கார்ந்தபடி. தலையணை ஏற ஏற டெல்டாய்டுக்கு வேலை ஏறுகிறது. அத்தை வீட்டில் இலவம்பஞ்சுத் தலையணை மூன்று இருந்தது. அதுவே ஜிம்.

கிணற்றுச் சகடை விஷயம் எனக்குத் தோன்றியது. நல்ல கையால் கயிறை இழுத்தால் மறு கை மேலே எழும்ப வேண்டும் என்று ஒரு பயிற்சி உண்டு. ஆஸ்பத்திரிகளில் அதற்குப் பளபளவென்று சின்னக் கப்பி மாட்டியிருப்பார்கள். பிசியோ, டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு சரி என்றார். கிணற்றிலிருந்து சகடையைக் கழற்றி, எண்ணெய் விட்டு, தாழ்வார விட்டத்தில் தொங்கவிட்டோம். ஐம்பது வருஷம் தண்ணீர் இழுத்த கயிறின் ஒரு முனையில் இடது கை, மறுமுனையில் வலது கை. அது கிறீச்சிடும் சத்தத்தைக் கேட்டதும் அத்தை சிரித்துவிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

நான் சென்னைக்குத் திரும்பினேன். தினமும் ராத்திரி போன். “அத்தே, இன்னிக்கு எத்தனை?”

“இருவது.”

மறுநாள், “முப்பது.” அடுத்த வாரம், “நாப்பது ஆச்சு மருமவனே.” சபாஷ் என்றேன். எண்ணிக்கைதானே நமக்குத் தெரிந்த ஒரே கணக்கு!

பிசியோ அடுத்த முறை வந்தபோது கண்ணாடி பீரோவுக்கு முன்னால் அத்தையை நிற்க வைத்தார். கையைத் தூக்கச் சொன்னார். கை காது வரைக்கும் போனது. ஆனால் கையோடு சேர்ந்து தோள்பட்டை முழுசும் மேலே போனது, உடம்பு இடது பக்கம் சாய்ந்தது. டெல்டாய்டு செய்ய வேண்டியதைக் கழுத்துத் தசை திருட்டுத்தனமாகச் செய்துகொண்டிருந்தது. நாற்பது தடவையும் அப்படியே.

“இப்படி நாப்பது வேணாம் பாட்டி. தோளை ஏத்தாம எட்டு போதும்.”

இதைப் போனில் என்னிடம் சொன்னபோது பிசியோ திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பொங்கல் அன்றைக்கு நடந்ததற்கும் எனக்குப் பங்கு உண்டு. 2024 ஜனவரி, பதினோராவது வாரம். நான் ஊருக்குப் போயிருந்தேன். வாசலில் பானை பொங்கி, எல்லோரும் குலவை போட்டு முடித்திருந்தோம். அடுப்பிலிருந்து இறக்க ஆள் தேடி நான் உள்ளே போய் வருவதற்குள் அத்தை இரண்டு கையாலும் பானையை இறக்கிவிட்டாள். “பாத்தியா!” என்று என்னைப் பார்த்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நானும் கை தட்டினேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், கை தட்டினேன்.

ராத்திரி இரண்டு மணிக்குத் தாழ்வாரத்தில் விளக்கு எரிந்தது. அத்தை தூணில் சாய்ந்து கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வியர்த்திருந்தது. “உங்க அத்தானுக்கு மட்டும் சொல்லிராத” என்றாள்.

விடிந்ததும் காரில் திருச்சி. விராலிமலை தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. மூட்டு நழுவியிருந்தால் மறுபடி தியேட்டர். மறுபடி தியேட்டர் என்றால் மேற்கொண்டு பேச்சே இல்லை, மூணாவது மாடிதான். எக்ஸ்ரே எடுத்தார்கள். மூட்டு இடத்தில் இருந்தது. தசைதான் கோபித்துக்கொண்டிருக்கிறது, பத்து நாள் பழையபடி ஊசலாட்டம் மட்டும் போதும் என்று அனுப்பிவிட்டார்கள்.

பிசியோ அதற்குப் பிறகு ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தார். செய்யும்போது வந்து, செய்து முடித்ததும் அடங்கும் வலிக்குப் பயப்பட வேண்டாம். ராத்திரி தூங்கவிடாத வலியும், மறுநாள் காலையிலும் காத்திருக்கும் வலியும் அளவு மீறியதற்கு அடையாளம், அடுத்த நாள் பாதியாகக் குறைக்க வேண்டும். நேற்று எழும்பிய கை இன்று திடீரென்று எழும்பவே இல்லை என்றால் கணக்கெல்லாம் பார்க்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். நான் போனில் கேட்கும் கேள்வியை மாற்றிக்கொண்டேன். “ராத்திரி தூங்குனியா அத்தே?”

மூன்றாம் மாதம் முடிந்த பிறகுதான் உண்மையான பலப் பயிற்சி. ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி இழுப்பது. மஞ்சள் நிறப் பட்டை லேசு, சிவப்பு அதைவிடக் கொஞ்சம் இறுக்கம், பச்சை இன்னும் இறுக்கம். பக்கத்து வீட்டுப் பையன் பஞ்சர் கடையிலிருந்து சைக்கிள் டியூபை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தான். பிசியோ இழுத்துப் பார்த்துவிட்டு, “இது எனக்கே வராது தம்பி” என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு பாட்டிலில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அதைத் தூக்குவது. இருநூறு கிராம். குடம் குடமாகச் சுமந்தவள் ஒரு டம்ளர் தண்ணீரை எட்டுத் தடவை தூக்கிவிட்டு மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். இரண்டு வாரம் கழித்து இரண்டு டம்ளர்.

இந்த வயதில் தசை வளருமா என்று எனக்குச் சந்தேகம். தேடிப் படித்தேன். 1990-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி. பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்குக் கனமான பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருக்கிறது. தொண்ணூறுக்கே அப்படி என்றால் அத்தை சின்னப் பெண்.

அமெரிக்காவில் சார்லஸ் நீர் என்ற சர்ஜன்தான் 1950-களிலிருந்து இந்தத் தோள் மாற்று வைத்தியத்தை வளர்த்து நிலைநிறுத்தியவர். தசை கெட்டுப்போன நோயாளிகளுக்கென்று அவர் தனியாக ஒரு வகை வைத்திருந்தார். அதன் பெயர் ‘குறைந்த இலக்கு’. முழுக் கையும் திரும்பாது, வலியில்லாமல் அன்றாட வேலை நடக்க வேண்டும், பயிற்சியும் அதற்குத் தக்கபடி. முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு பிசியோவின் நோட்டு ஞாபகம் வந்தது. மூன்று டிக், ஒரு கேள்விக்குறி, ஒரு அடித்தல்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம் அத்தையை மூவர் கோயில் வரைக்கும் நடக்கக் கூட்டிப்போனேன். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தலைவன் தன் பெயரில் ஒன்றும், கற்றளி, வரகுணை என்ற இரண்டு மனைவியர் பெயரில் ஒவ்வொன்றுமாக மூன்று கோயில் கட்டினான் என்கிறது கல்வெட்டு. நடுக்கோயிலும் தென்கோயிலும் நிற்கின்றன. வடக்கே இருந்தது போய், அடித்தளம் மட்டும் மிச்சம். புல்தரையில் உட்கார்ந்து அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கெணறு போச்சுன்னு நெனச்சா இன்னும் மனசு கேக்கல” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, “இங்கயும்தான் மூணுல ஒண்ணு இல்ல. அதுக்காக ரெண்டு கோயிலுன்னா பேரை மாத்தி வெச்சாங்க?” என்று எழுந்துகொண்டாள். தரையில் கை ஊன்றாமல், என் தோளைப் பிடித்துக்கொண்டு.

சித்திரைப் பிறப்புக்கு அத்தான் வந்தார். அத்தை காலையிலேயே குளித்துத் தயாராக இருந்தாள். கொண்டை வழக்கமான இடத்தில் இல்லை, வலது காதுக்குப் பின்னால் சற்றுச் சரிந்திருந்தது. எப்படிப் போட்டாய் என்றேன். “கை தலைக்குப் போகலன்னா, தலை கைக்கு வரட்டுமே!” குனிந்து, தலையைச் சாய்த்து, தானே போட்டிருக்கிறாள்.

அத்தான் திண்ணையில் உட்கார்ந்தார். அத்தை அடுப்பங்கரைப் பலகையிலிருந்து காப்பிப்பொடி டப்பாவை வலது கையால் எடுத்தாள். தோள் ஏறவில்லை. டம்ளரை வலது கையால்தான் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே வந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதை நான் மட்டும் பார்த்தேன். அத்தானும் பார்த்திருக்கலாம். அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டு காப்பியைக் குடித்தார்.

சாயங்காலம் கிணற்றடிக்குப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர், “பாசியைச் சுரண்டிட்டு சொரசொரப்பா சிமென்ட் போட்டுடலாம்மா. ஒரு மோட்டாரும் வெச்சிடறேன்” என்றார். சென்னையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

மோட்டார் வந்து, கொல்லையில் குழாய் போட்டாயிற்று. சகடையை மறுபடி கிணற்றில் மாட்டவா என்று கேட்டதற்கு அத்தை வேண்டாம் என்றுவிட்டாள். அது தாழ்வார விட்டத்திலேயே தொங்குகிறது. காலையில் போன் பண்ணினால் சில நாள் அந்தக் கிறீச்சுச் சத்தம் கேட்கும். “செத்த இரு மருமவனே, இன்னும் மூணு பாக்கி” என்பாள்.